புள்ளி வைக்கலாம், வெள்ளை அடிக்கணுமா?

கொஞ்ச நாளாக ஆபீஸில் ஆணி அதிகம். எழுத நினைத்ததெல்லாம் மனசுக்குள்ளேயே ஊறிக் கிடக்கிறது. அதில் ஒன்றை இன்றைக்கு இறக்கி வைத்துவிடுகிறேன். மேட்டர் என்னவோ சின்னதுதான். என் மகள் முகத்தில் நாற்பது ஐம்பது புள்ளி வைத்த கதை. ஆனால் அதற்காக எனக்கும் தங்கமணிக்கும் மூன்று நாள் பேச்சுவார்த்தை முறிந்தது. அம்மா ஒரு கட்சி, கீழ் வீட்டு ஆன்ட்டி ஒரு கட்சி. பிள்ளைகளை வைத்துக்கொண்டு வடக்கே குடித்தனம் நடத்தும் நம்ம மக்கள் காதிலும் போட்டு வைக்கலாம் என்று தோன்றியது.

நொய்டாவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. மகளுக்கு ஒன்பது வயது, இப்போதுதான் நாலாம் வகுப்பு. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். அன்றைக்கு அவர்கள் பள்ளியில் பிள்ளைகள் ஏதாவது ஒரு கதைப் பாத்திரமாக வேஷம் போட்டுக்கொண்டு வரவேண்டும். வருஷா வருஷம் பாதி வகுப்பு ஹாரி பாட்டர்தான். ஒரு கறுப்புத் துப்பட்டாவும் வட்டக் கண்ணாடியும் போதும், அப்பன்களுக்குச் செலவு மிச்சம். நம்ம வீட்டு அம்மணி மட்டும் இந்த ஏப்ரலில் "நான் பிப்பி லாங்ஸ்டாக்கிங்" என்று நின்றுவிட்டாள்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஸ்வீடன் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் 1945-ல் வெளியிட்ட குழந்தைகள் கதை அது. பிப்பிக்கும் ஒன்பது வயது. அம்மா இல்லை. அப்பா கப்பல் தலைவர், கடலில் காணாமல் போனவர். ஒரு குரங்கையும் ஒரு குதிரையையும் வைத்துக்கொண்டு தனியாக ஒரு வீட்டில் இருக்கிறாள். அந்தக் குதிரையை ஒற்றை ஆளாகத் தூக்குகிற பலசாலி. செம்பட்டை முடி, இரண்டு பக்கமும் விறைத்து நிற்கிற பின்னல், காலுக்கு ஒரு நிறத்தில் காலுறை, பாதத்தைப் போல் இரண்டு மடங்கு நீளமுள்ள ஷூ. மூக்கிலும் கன்னத்திலும் அள்ளித் தெளித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள்.

பின்னலுக்குள் துணி ஹேங்கர் கம்பியை வளைத்து விட்டாயிற்று. ஷூ என்னுடையது. காலுறை இரண்டும் அவளுடையவை, எப்போதுமே ஜோடி சேராதவை. மிச்சம் இருந்தது புள்ளிதான்.

இதை ஆங்கிலத்தில் ஃப்ரெக்கிள்ஸ் என்கிறார்கள். நம்மிடம் மச்சம் உண்டு, மரு உண்டு, மங்கு உண்டு. இது அதில் எதுவும் இல்லை. வெயில் படுகிற இடத்தில் தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனின் சின்னச் சின்னத் திட்டாகக் கூடுதலாகச் சேர்வதால் வருவது. நிறம் தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கை அங்கே கூடுவதில்லை, இருக்கிற செல்களே ஓவர்டைம் பார்க்கின்றன. கோடையில் அடர்ந்து தெரியும், குளிர்காலத்தில் மங்கும். செம்பட்டை முடிக்குக் காரணமான எம்சி1ஆர் என்ற மரபணுவுக்கு இதிலும் பங்கு உண்டு. ஐரோப்பியக் கதைகளில் செம்பட்டை முடிப் பெண்ணுக்கெல்லாம் புள்ளியும் சேர்ந்தே இருப்பது அதனால்தான்.

சனிக்கிழமை ஒத்திகை. தங்கமணிக்கு அன்றைக்கு ஆபீஸ். நான் கண்மை பென்சிலை எடுத்து நாலு புள்ளி வைத்துப் பார்த்தேன். என் மகள் என்னைக் கொண்டு பிறந்தவள், நல்ல திருநெல்வேலிக் கறுப்பு. நாலு புள்ளியும் நாலு மச்சமாகத்தான் தெரிந்தது. சரி, தெரிந்தவர்களைக் கேட்போம் என்று கீழ் வீட்டு ஆன்ட்டியிடம் கூட்டிப் போனேன். பஞ்சாபிக் குடும்பம். வீட்டிலேயே சின்னதாகப் பார்லர் வைத்திருக்கிறார். "அடியில் பேஸ் போடாமல் எப்படித் தெரியும்? இவள் நிறத்துக்கு மூன்று ஷேடு குறைவாக ஒரு ஃபவுண்டேஷன் வாங்கி வாருங்கள்" என்றார். நானும் மந்திரித்து விட்டவன் மாதிரி மார்க்கெட்டுக்குப் போய் 450 ரூபாய்க்கு ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். இந்த இடத்தில் தப்பு முழுக்க என்னுடையது, ஆன்ட்டியுடையது அல்ல. அவர் தொழிலை அவர் செய்தார்.

முகம் முழுக்க அந்த வெள்ளையைப் பூசி, கழுத்து வரை இழுத்துவிட்டு, மேலே கறுப்புப் பென்சிலால் புள்ளி வைத்தார். தயிர்சாதத்தில் கடுகு தாளித்துக் கொட்டின மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மகள் சிரிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தை இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, நெடுநேரம். என் போனை வாங்கி ஐந்தாறு படம் எடுத்துக்கொண்டாள். படியேறி மேலே வரும்போது கேட்டாள்.

"அப்பா, இதை தினமும் போட்டுக்கலாமா?"

"தினமும் புள்ளி வச்சுக்கிட்டா ஸ்கூல்ல என்ன சொல்வாங்க?"

"புள்ளி இல்லப்பா. கீழ இருக்கே, அது."

நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. கதவைத் திறந்த அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். ஊரிலிருந்து வந்து இரண்டு மாதமாக எங்களோடு இருக்கிறாள். "ஏய்யா, பிள்ளை மூஞ்சில என்னத்தப் பூசி வச்சிருக்க? சுண்ணாம்பு அடிச்ச செவரு மாதிரில்லா இருக்கு!" மகள் விருட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆச்சிமேல் கோபம். கழுவ விடவே ராத்திரி எட்டு மணி ஆயிற்று.

இதில் நான் யோக்கியன் வேஷம் போட முடியாது. பாளையங்கோட்டையில் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தபோது வெளுப்பு க்ரீம் ட்யூப் ஒன்று என் ட்ரங்குப் பெட்டிக்குள் துணிக்கு அடியில் இருக்கும். ரூமில் எல்லோரும் தூங்கின பிறகு பூசிக்கொள்வேன். (பிறகு தெரிந்தது, அந்த ரூமில் நாலு பேர் பெட்டியிலும் ஆளுக்கொரு ட்யூப் இருந்தது.) 2012-ல் பெண் வீட்டுக்குக் கொடுத்த படத்தில் ஸ்டுடியோக்காரர் என் முகத்தை வெளுத்துத் தள்ளியிருந்தார். நேரில் பார்த்ததும் தங்கமணி யாரோ மாப்பிள்ளையின் அண்ணன் வந்திருக்கிறார் என்று நினைத்தாளாம். இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அதெல்லாம் நம் தலைமுறையோடு போயிற்று என்று நினைத்திருந்தேன். 1975-ல் கடைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லிகூட 2020-ல் பெயரிலிருந்த 'ஃபேர்'-ஐ எடுத்துவிட்டு 'க்ளோ' என்று மாற்றிக்கொண்டது. காலம் மாறிவிட்டது என்றுதான் நானும் நம்பினேன். போன வருஷம் பள்ளி நாடகத்தில் இவளுக்குக் காக்கா வேஷம் கொடுத்தபோது சுருக்கென்றது. அவளுக்கு வருத்தமே இல்லை, காக்காவுக்குத்தான் வசனம் அதிகம் என்று குதித்துக்கொண்டு வந்தாள். அதனால் நானும் விட்டுவிட்டேன். இப்போது யோசித்தால் அவள் எதையெல்லாம் என்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறாளோ என்று இருக்கிறது.

ராத்திரி தங்கமணி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். "அந்த பாட்டில் வேண்டாம், புள்ளி மட்டும் வைப்போம்" என்றேன். அவளுக்கு ஒப்பவில்லை.

"வேஷம்னா வேஷம்தானே? போன வருஷம் ஜென்மாஷ்டமிக்கு இவளுக்குக் கிருஷ்ணர் வேஷம் போட்டு முகம் பூரா நீலம் பூசினோம். அப்ப ஒண்ணும் பேசலையே நீங்க. கதகளியில பச்சை பூசறாங்க. காந்தி வேஷம் போடற பையனுக்கு மொட்டை மாதிரி தொப்பி மாட்டறாங்க. எல்லாத்தையும் ஓவரா யோசிக்காதீங்க."

கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. மூன்று நாள் யோசித்தபிறகுதான் எனக்குப் பதில் கிடைத்தது. (சண்டைக்குப் பதில் எப்போதும் லேட்டாகத்தானே வரும்!) நீலம் பூசிய அன்றைக்கு இவள் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குளியலறைக்கு ஓடினாள். நாளைக்கும் நீலமாக இருக்கலாமா என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை. கழுவ மனசு வராத சாயம் ஒன்று இருந்தால், அது வேஷத்துக்குப் பூசினதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த முகம்தான் சரியான முகம், உன்னுடையது சரியில்லை என்று யாரோ ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார்கள். நாம் 450 ரூபாய் கொடுத்து அதை ஆமோதிக்கிறோம்.

இது எதிர்ப்பக்கமும் நடக்கிறது. 2019-ல் வந்த 'பாலா' என்ற இந்திப் படத்தில் கறுப்பான பெண் பாத்திரத்துக்கு மாநிற நடிகையை எடுத்து, முகத்தில் கறுப்புப் பூசி நடிக்க வைத்தார்கள். நிறத்தால் வரும் தாழ்வுணர்ச்சியைப் பற்றியும் பேசுகிற படம் அது. நிஜமாகவே கறுப்பாக இருக்கிற ஒரு பெண்ணுக்கு அதிலும் இடம் இல்லை.

இன்னொரு விஷயம். பிப்பி கதையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. இரண்டாவது புத்தகத்தில், ஒரு கடை ஜன்னலில் புள்ளியால் அவதிப்படுகிறீர்களா என்று கேட்டு ஒரு க்ரீம் விளம்பரம் வைத்திருப்பார்கள். பிப்பி நேரே உள்ளே போய் "இல்லை" என்று சொல்லிவிட்டு நிற்பாள். உன் முகம் பூராவும் புள்ளிதானே என்பார் கடைக்கார அம்மாள். இருக்கிறது, ஆனால் எனக்கு அதனால் அவதி ஒன்றும் இல்லை, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள். அந்தப் பிப்பியாக வேஷம் போட, நம் பிள்ளையை முதலில் மூன்று ஷேடு வெளுக்க வைக்கிறோம். என்ன கொடுமை சார் இது!

அந்த விளம்பரம் கதைக்காக இட்டுக்கட்டியதும் அல்ல. மேலை நாடுகளில் புள்ளி நீக்கும் க்ரீம்கள் பல காலம் விற்றன. அவற்றில் பலவற்றில் பாதரச உப்பு இருந்தது. தோலில் மெலனின் உண்டாவதை அது தடுக்கும், கூடவே சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். நம்மூர் வெளுப்பு க்ரீமும் அதற்குத் தூரத்துச் சொந்தம் அல்ல. 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிலருக்குச் சிறுநீரக நோய் வந்து, அவர்கள் பூசிய வெளுப்பு க்ரீம்களில் இருந்த பாதரசம்தான் காரணம் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். அங்கே புள்ளியை அழிக்க, இங்கே நிறத்தை அழிக்க, ஒரே விஷம்.

என் டீமில் சிம்லா பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். நிஜமாகவே மூக்கெல்லாம் புள்ளி. விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். சின்ன வயதில் அவள் அம்மா பாலாடையும் எலுமிச்சையும் கலந்து தேய்த்துத் தேய்த்து முகம் எரிந்ததுதான் மிச்சமாம். போன வருஷம் அவள் தங்கை கல்யாணத்துக்கு வந்த மேக்கப் பெண், மணப்பெண்ணுக்கு "நேச்சுரல் லுக்" என்று சொல்லி காசு வாங்கிக்கொண்டு புள்ளி வரைந்தாளாம். "எனக்கு இருபது வருஷம் அழிக்கப் பார்த்தது, அவளுக்கு ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் முழுச் சிரிப்பு இல்லை.

சரி, வெள்ளை இல்லாமல் கறுப்பு முகத்தில் புள்ளி தெரியுமா? தாராளமாகத் தெரியும். ஹாலிவுட் நடிகர் மார்கன் ஃப்ரீமன் முகத்தை நினைத்துப் பாருங்கள், கன்னமெல்லாம் புள்ளி. தப்பு நம் தோலில் இல்லை, நான் எடுத்த பென்சிலில். கறுப்பு எடுத்தால் யார் முகத்திலும் மச்சம்தான். நம் தோலைவிட இரண்டு படி அடர்ந்த, லேசாகச் செம்மண் கலந்த பழுப்பு வேண்டும். மாநிறம் என்றால் காபிப்பொடி நிறம் போதும்.

இந்த ஆராய்ச்சி நடக்கும்போது அம்மா தன் பையிலிருந்து ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். ஜவ்வரிசியைக் கருகக் கருக வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, குழம்பாக இறக்கிச் சிரட்டையில் ஊற்றிக் காயவைத்த மை. பிள்ளைகளுக்குக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்பதற்கென்று ஊரில் இன்னமும் செய்கிறாள். "பொய்ப் புள்ளி வைக்கதுக்குப் பஞ்சாபிக்காரி வேணுமாக்கும்? உனக்கு மூணு வயசு வரைக்கும் நாந்தான தினம் வச்சேன்" என்றாள். நியாயம்தானே! உலகத்திலேயே குழந்தை முகத்தில் வேண்டுமென்றே புள்ளி வைத்துவிட்டு அதை ரசிக்கிற ஜாதி நாம். சங்கப் பாட்டுகளில் இளம்பெண்ணின் மேனியில் படர்ந்த பொன்னிறப் புள்ளியைச் சுணங்கு என்று சொல்லி, வேங்கைப் பூவோடு ஒப்பிட்டுக் கொண்டாடியிருக்கிறார்கள். உரைகாரர்கள் அதைத் தேமல் என்பார்கள். இன்றைக்குத் தேமல் வந்தால் களிம்பு வாங்க ஓடுகிறோம். ஃப்ரெக்கிள்ஸ் வேறு, அது வேறுதான். இருந்தாலும் புள்ளியை அழகு என்று பார்த்த கண் நம் பாட்டன் பூட்டனுக்கு இருந்தது.

நாங்கள் செய்த முறை இதுதான். முகம் கழுவித் துடைத்து, தங்கமணியின் செங்கல் நிற லிப்ஸ்டிக்கை விரல்நுனியில் தொட்டு மூக்கின் மேலும் கன்ன மேட்டிலும் மெலிதாகத் தேய்த்துவிட வேண்டும். வெயிலில் ஆடிவிட்டு வந்த களை வரும். அதன்மேல் அடர்பழுப்பு ஐப்ரோ பென்சிலால் புள்ளி. கோலப் புள்ளி மாதிரி வரிசையாக வைத்தால் போயிற்று. ஒன்று பெரிது, மூன்று சின்னது, ஓர் இடத்தில் நெருக்கம், ஓர் இடத்தில் காலி. இடது கன்னமும் வலது கன்னமும் ஒரே மாதிரி இருக்கவே கூடாது. மூக்குத் தண்டில்தான் கூட்டம், நெற்றியில் இரண்டு மூன்று போதும், தாடையில் வேண்டாம். ஒவ்வொரு புள்ளியையும் வைத்த உடனே விரலால் ஒற்றி எடுக்க வேண்டும். இல்லையென்றால் பேனாவால் குத்தினது போல நிற்கும். கடைசியாக ஆச்சியின் மையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, தீக்குச்சி முனையால் ஆங்காங்கே ஏழெட்டு. நீர்த்தால் அது கறுப்பு இல்லை, அருமையான பழுப்பு. மேலே துளி பவுடர் ஒற்றிவிட்டால் ஏப்ரல் வெயிலுக்கு மதியம் வரையாவது தாங்கும்.

பழைய டூத்பிரஷ்ஷில் நிறத்தைத் தொட்டுத் தெறிக்க விடுவதும் உண்டு. நன்றாகத்தான் வரும், ஆனால் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு மேலே துணியும் போட்டுக்கொண்டால்தான். பிராக்கோலிப் பூவைச் சாயத்தில் தொட்டு முகத்தில் ஒற்றுகிற வீடியோகூட இருக்கிறது. எங்கள் வீட்டில் அதைச் சாப்பிடவே ஆள் இல்லை. மெஹந்தி கோன் மட்டும் வேண்டவே வேண்டாம். நல்ல மருதாணியே ஒரு வாரத்துக்குக் குறையாமல் நிற்கும். கறுப்பு மெஹந்தி என்று விற்பதில் தலைச்சாயத்தில் போடுகிற பிபிடி என்ற ரசாயனம் இருக்கும், குழந்தை முகம் கொப்புளித்துப் போகும். காகிதத்துக்கு அடிக்கிற வாட்டர் கலரும் கூடாது. எதைப் பூசுவதாக இருந்தாலும் முதல் நாளே முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவிப் பார்த்துவிடுங்கள்.

ஏப்ரல் 23 காலையில் பாட்டில் வேண்டாம் என்றதும் மகள் முகம் சுருங்கத்தான் செய்தது. "அப்ப நான் பிப்பி மாதிரி இருக்க மாட்டேன்" என்றாள். அந்தக் கடைக் கதையை எடுத்து மறுபடி படித்துக் காட்டினேன். சமாதானம் ஆனாளா, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று விட்டுவிட்டாளா என்று எனக்கு இன்னமும் தெரியாது. கீழே இறங்கும்போது ஆன்ட்டி பார்த்தார். நன்றாக இருக்கிறது, பேஸ் போட்டிருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்கும் என்றார். நல்ல மனுஷி. எங்களுக்குக் காய்ச்சல் என்றால் கிச்சடி கொண்டுவந்து கொடுக்கிறவர். அவரிடம் நான் இந்தச் சண்டையைப் போடப் போவதில்லை.

சாயங்காலம் வியர்வையில் பாதி கரைந்து, ஒரு பின்னல் மேலேயும் ஒரு பின்னல் கீழேயுமாக வந்து சேர்ந்தாள். பரிசு ஓர் அலாவுதீனுக்குப் போய்விட்டதாம். ஹாரி பாட்டர் பதினோரு பேராம். "ரெண்டு பேர் வந்து இது நிஜமான்னு கேட்டாங்கப்பா. ஆமான்னு சொல்லிட்டேன்" என்றாள்.

ஆச்சி தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுக்கொண்டு துடைக்க வந்தாள். இவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நாளைக்குத் துடைச்சுக்கலாம் ஆச்சி, இன்னிக்கு இருக்கட்டும் என்று ஒரே பிடிவாதம். நானும் விடச் சொல்லிவிட்டேன். காலையில் தலையணை உறை முழுக்கப் பழுப்பும் லிப்ஸ்டிக்குமாக அப்பியிருந்தது. புது உறையாம், போன தீபாவளிக்கு அவள் அம்மா கொடுத்ததாம். தங்கமணி திட்டியது என்னைத்தான்.